அப்டியே நாலு போல்ட்டு

அருள், நீ வேலைக்கு ரயிலேறிப் போய் இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. இதற்குள் பதினோரு முறை போன் செய்துவிட்டாய். பதினோரு முறையும் "நல்லா கீறோம் நைனா, துன்னியா, தூங்குனியா" என்று கேட்டுவிட்டு உன் அம்மா பக்கம் போனைத் தள்ளிவிட்டேன். பேச ஆரம்பித்தால் மாத்தூர் கடைசி பஸ் போகிற வரைக்கும் நிறுத்தாத ஆள் நான். அந்த ஆளுக்கு இப்போது வாய் எழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எட்டாவது படித்தவன் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எட்டாவதில் போய் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். பிழை இருந்தால் மாதா கோயில் மாத இதழைப் பார்த்துக்கொள்ளும் தம்பி திருத்திக்கொள்வார். ஆமாம், இதை அச்சில்தான் போடச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பா எப்படிச் செத்தார் என்பதை நான் ஊர் முழுக்கப் பொய்யாகச் சொல்லியிருக்கிறேன். ஊருக்குச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்தினால் அது திருத்தம் ஆகாது.

உனக்கு நான் சித்தப்பா. ஆனால் உன் ஆறு வயதிலிருந்து பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, காய்ச்சல் மாத்திரை, முதல் சைக்கிள் எல்லாம் நான்தான். அண்ணன் பிள்ளைக்காகக் கல்யாணமே கட்டாத மனுசன் என்று கோயிலில் என்னைக் காட்டிப் பேசுவார்கள். நானும் தலையைக் குனிந்து ஒரு மாதிரி சிரித்து அந்தப் பேரை வாங்கிக்கொள்வேன். பேர் வாங்குவது எனக்கு சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தப் புகைபோக்கியைக் காட்டினாலும், "இது நான் கட்டின சாரத்துல எந்திரிச்சது" என்று சொல்வேன். இரும்புக் குழாய்களைக் கோத்து ஆள் ஏறி நிற்கச் சாரம் கட்டுவதில் நான் கெட்டிக்காரன், அது நிஜம். புகைபோக்கிகளில் பாதிதான் நிஜம். ஜப்பான்காரப் பொறியாளர் ஒருவர் என் சாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார் என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கை குலுக்கினார். அன்றைக்கு அவர் எல்லோருக்கும்தான் குலுக்கினார். இதெல்லாம் யாரையும் சாகடிக்காத பொய்கள். இவற்றை இப்படியே விட்டுவிடலாம்.

நீ கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். நம் வீட்டுக் கூரை உனக்கே தெரியும். உன் அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டுகிற ஒரு ஓட்டை. அதை அடைக்கத்தான் மூன்று வருடத்துக்கு முன்பு நான் மேலே ஏறினேன். ஏறினவன், இவ்வளவு தூரம் வந்தாயிற்று, அப்டியே கைப்பிடிச் சுவரையும் உயர்த்திவிடலாம் என்றேன். சுவர் எழுந்ததும் அப்டியே வெளிப்படிக்கட்டு. படிக்கட்டு பாதியில் நிற்கும்போதே அப்டியே மூலையில் மாதா சிலை வைக்க ஒரு சின்னக் கெபி. கெபிக்கு நீல டைல்ஸ் ஒட்டி, தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன். எல்லோரும் "ஸோக்கா கீது மேஸ்திரி" என்றார்கள். அன்றைக்கு மழை. மேலே டைல்ஸ் பளபளக்க, கீழே உன் அம்மா கட்டிலை நகர்த்திப் போட்டு, சொட்டுகிற இடத்தில் அலுமினிய குண்டானை வைத்தார். மூன்று வருடமாக அந்தக் குண்டான் அங்கேயேதான் இருக்கிறது.

நீ அந்தக் குண்டானைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பில் நாலு கட்டம் போட்ட ஒரு தாளைத் திறந்து, சாப்பாட்டு மேஜையில் என்னை எதிரே உட்கார வைத்தாய். "குந்து சித்தப்பா. நான் போறதுக்குள்ள இத முடிச்சிட்டுப் போறேன். நாலே கேள்வி. பெரிய பெரிய பிராஜெக்ட்டுக்கே இதான். இன்னாத்துக்கு இந்த வேலை?"

"வூடு ஸோக்கா கீணும், அதுக்குதான்."

"ஸோக்குக்கு இன்னா அளவு? ஸோக்கா ஆச்சுன்னு எப்டி தெரியும்? இஞ்ச் டேப் வச்சி அளப்பியா?"

உள்ளே வெங்காயம் அரிந்துகொண்டிருந்த உன் அம்மா சிரித்துவிட்டார். நீயே தட்டினாய்: அம்மா கட்டில் மேலே தண்ணி சொட்டக் கூடாது. ஒரு முழு மழைக்கு, குண்டான் காய்ந்தே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். எத்தனை சதுர அடி, என்ன சாமான், எந்தத் தேதிக்குள் என்று அடுத்த கட்டமும் நிரம்பியது. நான் கொஞ்சம் அசந்துதான் போனேன். நாற்பது வருடம் வேலை செய்திருக்கிறேன், ஒரு வேலையாவது எப்போது முடிகிறது என்று முதலிலேயே எழுதி வைத்துத் தொடங்கியதில்லை. ஆள் அலுத்துப் போகும்போது முடியும், அல்லது சிமெண்ட் தீரும்போது முடியும்.

கடைசிக் கட்டத்தில்தான் சண்டை வந்தது. "இந்த வேலைல எது இல்ல, அத சொல்லு" என்றாய்.

"இல்லாதத இன்னாத்துக்குடா எழுதணும்? செய்யறத எழுதுனா பத்தாதா?"

"பத்தாது. இதான் முக்கியம். படிக்கட்டு இதுல இல்ல. கெபி இல்ல. அத எழுதி நீ கையெழுத்து போடு."

"அரைகுறையா நிக்கிற படிய பாத்துகினே ஓட்டைய மட்டும் அடைக்கச் சொல்றியா? ஆளுங்க மேல கீறாங்க, சாமான் மேல கீது, அப்டியே ஒரு நாலு படி..."

நீ லேப்டாப்பை மூடினாய். சத்தமாகக்கூட மூடவில்லை. "இந்த அப்டியேதான் சித்தப்பா. எங்கப்பாவும் இப்டிதான் செத்தாரு. நீ சொன்ன காத்து கதையும் கேட்டேன், அம்மா பெட்டில கீற பேப்பரும் படிச்சேன். எங்கப்பா ஹீரோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தன் வேலை எது, எது இல்லன்னு தெரியாம தானாவே ஏறி வுழுந்த ஒரு ஆளு. எனுக்கு அந்தாள மாதிரி ஆவ வேணாம்."

உள்ளே வெங்காயம் அரிகிற சத்தம் நின்றுவிட்டது. அதற்கப்புறம் அந்தத் தாளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நாலாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய்.

நீ படித்த காகிதம் எனக்கும் மனப்பாடம். 'அனுமதிக்கப்படாத பணிக்காகத் தானாகவே மேலேறியதால் தவறி விழுந்து' என்று அதில் இருக்கிறது. நான் உனக்குச் சொல்லி வளர்த்த கதையில் அது இல்லை. என் கதையில் கடலிலிருந்து ஒரு சூறைக்காற்று வரும், கொட்டகைக் கூரையின் ஷீட்டு பிய்த்துக்கொண்டு கீழே நிற்கிற இருபது பேர் தலையில் விழப் பார்க்கும், உன் அப்பா ஓடி ஏறி அதைக் கையால் பிடித்துக்கொள்வார். துக்க வீட்டிலேயே இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். முதலில் ஐந்து பேர்தான். வருடா வருடம் நினைவுப் பூசைக்கு ஆள் ஏறி இருபது ஆயிற்று. கொஞ்சம் குடித்திருந்தால் வேறொரு கதை சொல்வேன்: அதில் பொறியாளர் மிரட்டி ஏறச் சொல்வார். கேட்டவர்கள் அந்தப் பொறியாளரைக் காறித் துப்புவார்கள். பாவம், அந்த மனுசன் எங்கே இருக்கிறாரோ.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அன்று காற்று இல்லை, அருள். வெயில். எண்ணூர்ப் பக்கம் ஒரு ஆலை, பேர் வேண்டாம். கட்டடத்தின் மேற்குப் பக்கச் சாரத்தை அவிழ்த்து இறக்குவதுதான் எங்கள் வேலை. இந்த மாதிரி ஆலைக்குள் எதைத் தொட வேண்டுமானாலும் பர்மிட் என்று ஒரு காகிதம் வேண்டும்: இன்ன இடத்தில், இன்ன வேலை, இத்தனை மணி வரைக்கும். நான் மேஸ்திரி. உன் அப்பா எனக்கு நாலு வயது மூத்தவர், ஆனால் என் கீழே வேலை செய்தார். அதில் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை. எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அவர் அஞ்சாவதோடு நின்றவர். ஆனால் எந்தக் காகிதம் வந்தாலும் வரிக்குக் கீழே விரலை வைத்து, உதடு அசைய, முழுசாகப் படித்த பிறகுதான் கையுறையை மாட்டுவார். ஆட்கள் சிரிப்பார்கள். "இன்னா மரியதாஸு, பைபிள் வாசகமா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். பர்மிட்டை நான் படித்ததே இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன்.

மூன்று மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது. உன் அப்பா இடுப்பு பெல்ட்டைக்கூடக் கழற்றிவிட்டார். பொறியாளர் வந்து பார்த்து, "பரவால்லயே மேஸ்திரி, சீக்கிரமே முடிச்சிட்டீங்க" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. நெஞ்சு இவ்வளவு பெரிதாகிவிட்டது. இன்னொரு வார்த்தை வேண்டும் போலிருந்தது. பக்கத்தில் ஒரு பழைய கொட்டகை. அதன் சிமெண்ட் ஷீட்டு ஒன்று ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது. எத்தனை மாதமாக அப்படி நின்றதோ. அதைச் சரி செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. திரும்பவும் எழுதுகிறேன், யாருமே கேட்கவில்லை. நான்தான் சொன்னேன்: "சார், ஆளுங்க சும்மாதான் கீறாங்க. அந்த ஷீட்டுக்கு அப்டியே நாலு போல்ட்டு போட்டு குடுத்துர்றோம்." அவருக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கையை ஆட்டிக்கொண்டே நடந்து போனார்.

உன் அப்பா என் சட்டைப் பையிலிருந்து பர்மிட்டை எடுத்தார். விரலை வைத்தார். படித்தார். "டேய், இதுல அந்தக் கொட்டகை இல்லடா" என்றார்.

"அஞ்சு நிமிசம்ணா."

"அஞ்சு நிமிசமோ அஞ்சு மணியோ, இதுல இல்ல. நம்ம வேலை சாரம். அவுத்தாச்சு, முடிஞ்சிபோச்சு. அந்த ஷீட்டு எத்தினி வருசத்துதுன்னு யாருக்குத் தெரியும்? ஷீட்டு மேல போட்டு நடக்க ஏணிப் பலக கூட இல்ல."

ஆட்கள் ஐந்தாறு பேர் குழாய்களை லாரியில் அடுக்கிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறியாளரிடம் வாய் கொடுத்தாயிற்று. எனக்குக் காது சூடாகிவிட்டது. கூடப் பிறந்த மூத்தவரைப் பார்த்து, எல்லார் முன்னாலேயும் கேட்டேன்: "மேஸ்திரி நீயா, நானா?"

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. பர்மிட்டை முன்பு இருந்த மடிப்பிலேயே மடித்து என் பையில் திரும்ப வைத்தார். நான் ஏறுவதற்கு ஏணியில் கால் வைத்தேன். "நீ இர்றா. முட்டி வலின்னு காலைல சொல்லிகினு இருந்த" என்று என் தோளைப் பிடித்து நகர்த்திவிட்டு அவர் ஏறினார். மூன்று போல்ட்டு போட்டார். நாலாவதற்கு ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தார். அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். கொட்டகைக்குள் ஓடிப் பார்த்தபோது கூரையில் ஓர் ஓட்டை, அந்த ஓட்டை வழியாக வெயில் அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் விசாரிக்க வந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. "இவரை மேலே ஏறச் சொன்னது யாரு? நீங்களா?" என்று கேட்டார்கள். நான் சொன்னேன்: "இல்ல சார், அவராவேதான் ஏறுனாரு." எழுதிக்கொண்டவர் அதைத்தான் 'தானாகவே' என்று நல்ல தமிழில் எழுதினார். உன் அம்மா பெட்டியில் இருப்பது ஜெராக்ஸ். அடியில் சாட்சி கையெழுத்து மங்கிப் போயிருக்கும், நீ கவனித்திருக்க மாட்டாய். வெளிச்சத்தில் பிடித்துப் பார். உன் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகளில் பன்னிரண்டு வருடம் இருந்த அதே கையெழுத்துதான்.

நீ போன மூன்றாம் நாள் இதை உன் அம்மாவிடம் சொன்னேன். தையல் கம்பெனியிலிருந்து வந்து, கொடியில் காய்ந்த துணியை எண்ணூர்ப் புகைபோக்கிச் சாம்பல் போக உதறிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பர்மிட்ட படிச்சாரா அவரு?"

"படிச்சாரு அண்ணி. வெரல வச்சி படிச்சாரு."

"படிச்சிட்டுதான் ஏறுனாரு" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். கையிலிருந்த சட்டையை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். அன்றிலிருந்து எனக்குத் தட்டு வருகிறது. சோறு சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் "தம்பி, சாப்புட வாங்க" என்கிற குரல் இல்லை. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும், நான் போய் உட்காருவேன். போனை அவரிடம் கொடுக்கும்போதுகூட மேஜை மேல்தான் வைக்கிறேன். பத்தொன்பது வருடம் அவர் தன் புருசனை அவசரக்காரர், சொன்ன பேச்சு கேளாதவர் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே பூசைக்குப் பணம் கட்டியிருக்கிறார். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நீ இப்போது பெரிய வேலைக்குப் போயிருக்கிறாய். அந்த நாலு கட்டத் தாளை நீதான் எழுதப் போகிறாய், கையெழுத்துப் போடப் போகிறாய். உனக்குத் தெரியாத எதையும் அதில் என்னால் சொல்லித் தர முடியாது. ஆனால் தாளுக்கு வெளியே நிற்கிற ஆளை நான் அறிவேன், ஏனென்றால் அது நான்தான். அப்டியே என்று வருகிறவன் கெட்டவன் மாதிரி வர மாட்டான் அருள். சிரித்துக்கொண்டே வருவான். நல்ல மனசாகத் தெரியும். கேட்காத உதவியைக் கையில் வைத்துக்கொண்டு வருவான். அவனுக்கு வேண்டியது ஒரு சபாஷ். அவனிடம் முடியாது என்று சொல்ல உனக்கு வருத்தமாக இருக்கும், சொல்லிவிடு. இன்னொரு ஆளும் உன் சைட்டில் இருப்பான். மெதுவாகப் படிப்பான், வரிக்குக் கீழே விரல் வைப்பான், எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவன் "சார், இதுல இது இல்ல" என்று சொன்னால், நீ எவ்வளவு படித்தவனாக இருந்தாலும் நின்று கேள். மேஸ்திரி யார் என்று மட்டும் அவனிடம் கேட்டுவிடாதே. அந்தக் கேள்விக்கு அப்புறம் அவனால் ஏறாமல் இருக்க முடியாது. தானாகவே ஏறியது போலத்தான் அது தெரியும்.

உன் அப்பாவுக்குத் தன் வேலை எது, எது இல்லை என்று தெரியும். அந்த இடத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அந்தாள் மாதிரி ஆக வேண்டாம் என்று சொன்னாயே. அவர் மாதிரிப் படி. என் மாதிரி ஆகாதே.

நீ என் போனுக்கு அனுப்பிவிட்டுப் போன தாளைப் போன வாரம் கடையில் பிரிண்ட் எடுத்தேன். கடைசிக் கட்டத்தில் என் கையால் எழுதினேன்: படிக்கட்டு இல்லை, கெபி இல்லை, கைப்பிடிச் சுவர் இல்லை. கையெழுத்துப் போட்டேன். ஓட்டையை மட்டும் அடைத்தேன், இரண்டு நாள் வேலை. மூன்று வருடம் இழுத்தது இரண்டு நாள். நேற்று முன்தினம் விடிய விடிய மழை. காலையில் குண்டானுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், தூசிதான் ஒட்டியது. உன் அம்மா குண்டானைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். படிக்கட்டு அரைகுறையாகத்தான் நிற்கிறது. தெருவில் ஒருவன், "இன்னா மேஸ்திரி, அப்டியே அதையும் முடிச்சிருக்கலாமே" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தக் கடிதத்துக்கும் அதே மாதிரி ஒரு தாள் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன். எதற்கு: மரியதாஸ் தானாகவே ஏறவில்லை, தம்பி ஏற்றினான் என்று எழுத்தில் இருக்க வேண்டும். எதுவரைக்கும்: அன்றைக்கு மூன்று மணியிலிருந்து மறுநாள் நான் கையெழுத்துப் போட்டது வரைக்கும். முடிந்தது என்று எப்படித் தெரியும்: கோயில் வாசலில் யாராவது அந்தக் காற்று கதையைக் கேட்கும்போது, அன்றைக்குக் காற்றே இல்லை என்று கூட்டத்திலிருந்து இன்னொருவர் சொன்னால்.

எழுதி முடித்து, பேர் போடும் இடத்துக்கு வந்ததும் கை தானாக இன்னொரு வரி எழுதிவிட்டது: 'அப்டியே இந்தச் சித்தப்பாவையும் மன்னித்துவிடு, நைனா.' திரும்பப் படித்தேன். உன் அப்பா மாதிரி வரிக்குக் கீழே விரலை வைத்துப் படித்தேன். பிறகு அடித்துவிட்டேன். அது இந்தத் தாளில் இல்லை.